வெள்ளை உடுத்திய பெண்ணைப் பார்க்கத் திருவனந்தபுரத்துக்கு

20-8-1951 என்று தேதியிட்ட கடிதம் ஒன்று என் கோப்பில் இருக்கிறது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மிளகு, ஏலம், சுக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை எழுதியது. அதன் முக்கியமான பகுதி இது: 'தாங்கள் கேட்டபடி பிரெஞ்சுக்காரர் காலத்துக் காகிதம் எதுவும் எங்களிடம் இல்லை. பிரெஞ்சுப் படம் ஒன்று இருக்கிறது. அதில் வெள்ளை உடுத்தி நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண் யார் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். செப்டம்பர் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் தெரிய வேண்டும். என் மகளின் கல்யாணம் அதில் நிற்கிறது.'

பிள்ளையை நான் பார்த்ததில்லை. பழைய பிரெஞ்சுக் காகிதங்கள் இருக்கின்றனவா என்று கேட்டு மேற்குக் கரை வியாபாரிகள் பலருக்கு எழுதுவது என் வழக்கம். பெரும்பாலானவர்கள் பதில் போடுவதில்லை. பிள்ளையும் பத்து மாதம் போடவில்லை. புதுச்சேரியில் நொத்தேர் ஒருவரிடம், அதாவது ஒப்பந்தங்களையும் உயில்களையும் எழுதிப் பதிவு செய்யும் அதிகாரியிடம், நான் எழுத்தர். பதினேழு வருஷ வேலையில் ஒரு வாரம் விடுப்பு கேட்டது அதுவே முதல் தடவை. காரணத்தைக் கேட்ட நொத்தேர், ஒரு படத்துக்காகவா என்று இரண்டு முறை கேட்டார்.

அந்த நாளில் எங்களுக்குத் திருவனந்தபுரம் அந்நிய நாடு. எங்கள் ஊரில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. எல்லைச் சுங்கச் சாவடியில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி பூதக்கண்ணாடியையும் ஒரு கட்டுப் பஞ்சையும் எடுத்து மேசைமேல் வைத்து, வைத்தியரா என்று கேட்டார். இல்லை, படம் பார்க்கப் போகிறேன் என்றேன். சினிமா என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

செப்டம்பர் 4, செவ்வாய். பாலராமபுரத்துக்குச் சற்று முன்னால் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பிற்று. டிரைவர் இறங்கிப் போய் ஒரு வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். நாங்கள் எல்லாரும் ஓரத்து மாமர நிழலில் நின்றோம். ஓணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். வாசல்களில் பூக்களம் இட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற கிழவர் மலையாளத்தில் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். "அப்படியானால் நீர் வெள்ளைக்காரப் பிரஜை. உமக்கு மட்டும் வேறு பஸ் விடச் சொல்லட்டுமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாள்தான் இருந்தது. அதில் அரை நாள் மாமரத்தடியில் போய்க்கொண்டிருந்தது.

சாலைத் தெருவை அடைந்தபோது மணி நாலேகால். மிளகு நெடி தெருமுனையிலேயே மூக்கைப் பிடித்தது. பிள்ளை கடை வாசலில் நின்று காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், உயரமான மனிதர். நாஞ்சில் நாட்டிலிருந்து அவருடைய தாய்மாமன் காலத்தில் வந்து குடியேறிய குடும்பம். கைகால் கழுவியதும் சோறு போட்டார்கள். சிவந்த பருமனான அரிசி, மோரும் தேங்காயும் சேர்த்த புளிசேரி, மரச்சீனிக் கிழங்குப் புழுக்கு. அரிசித் தட்டுப்பாட்டுக் காலம், கிழங்குக்கு மன்னிக்கணும் என்றார் அவர் மனைவி காந்திமதி அம்மாள். எங்கள் ஊரில் சோறு இலையில் பரவும். இங்கே குவித்தது குவித்தபடி நிற்கிறது. கிழங்கை நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டு முடித்ததும் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள்.

நாலடி அகலம், மூன்றடி உயரம். பொன் பூச்சுச் சட்டம். ஐரோப்பிய ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை செய்துவந்த பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது பிள்ளையின் தாய்மாமனுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மருமக்கள் வழிப்படி மாமனின் வீடும் படமும் பிள்ளைக்கு வந்தன. அந்தச் சுவரிலிருந்து அதை இறக்கக் கூடாது என்று மாமன் சொல்லியிருந்தாராம். ஏன் என்று சொல்லவில்லை.

இந்த வகைப் படங்களை நான் எங்கள் ஊர் நூலகத்துப் பழைய பிரெஞ்சு வாரப் பத்திரிகைகளில் அச்சாகப் பார்த்திருக்கிறேன். போன நூற்றாண்டில் பாரிஸின் கலைக்கழகத்தில் முறைப்படி பயின்ற ஓவியர்கள், தேவதைகளையும் போர்க்களங்களையும் வரையக் கற்ற அதே கையால், வசதியான நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைகளை வரைந்தார்கள். பிறந்தநாள் விருந்து, பியானோப் பாடம், நோயிலிருந்து எழுந்த பிள்ளை, மாப்பிள்ளை வந்த நாள். தூரிகை பட்ட தடமே தெரியாத வழவழப்பு. நாற்காலியின் பித்தளை ஆணிவரை எண்ணிக்கொள்ளலாம். வியாபாரிகளும் வக்கீல்களும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள விரும்பிய காலம் அது. பின்னால் வந்த ஓவியர்கள் இவர்களைக் கேலி செய்தார்கள், புகைப்படக் கருவி செய்கிற வேலை என்றார்கள். இருக்கட்டும். கதையை முகத்திலும் கையிலும் எழுதிவைத்துப் போனவர்கள் இவர்கள்தான்.

ஆனால் இந்தப் படத்தில் கதை மங்கிக் கிடந்தது. பளபளப்பு வேண்டி வெள்ளிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்திருக்கிறார்கள். எண்ணெயில் விளக்குப் புகை ஏறி, மேல் பாதி புகையிலை நிறமாகிவிட்டது. தெரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு மேசை. அதன் பின்னால் கண்ணாடி அணிந்த ஒருவர் காகிதத்தைப் பிடித்து வாசிக்கிறார். நடுவில் வெள்ளை உடுத்திய இளம்பெண், தலை குனிந்து. அவளுடைய ஒரு கையைப் பிடித்தபடி கறுப்புப் பட்டு உடுத்திய நடுவயது அம்மாள். சுற்றிலும் நாலைந்து பேர், எல்லாரும் கனத்த முகத்தோடு. மேசையடியில் ஒரு நாய்.

படத்திலிருந்த கறுப்புப் பட்டு அம்மாளின் நெற்றியில் குங்குமம் இருந்தது. பின்னால் நின்ற பெண்ணுக்கும் இரண்டு சிறுமிகளுக்கும்கூட. சாமி படங்களுக்கு வைப்பதுபோல் வெள்ளிக்கிழமைதோறும் காந்திமதி அம்மாள் வைத்துவருவது. நடுவிலிருந்த பெண் மட்டும் வெறும் நெற்றியோடு இருந்தாள். வெள்ளை உடுத்தியவளுக்கு எப்படி வைப்பது?

விஷயம் இதுதான். பிள்ளையின் ஒரே மகள் பகவதிக்கு நாகர்கோவிலில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். கோர்ட்டில் உத்தியோகம். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. பேச்சு முடிந்து வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார் சிவகாமி அம்மாள் இந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். அவர் ஆறு வருஷமாகக் கைம்பெண். அவர் சொன்னதைப் பிள்ளை அவருடைய குரலிலேயே எனக்குச் சொல்லிக்காட்டினார்: "எங்க வீட்டுல ஒருத்தி நான் இருக்கது போரும். சொவத்துல இன்னொருத்திய வச்சு, அவளுக்குக் கீழ என் பிள்ளைக்கு நிச்சயம் பண்ணமாட்டேன்."

ஒரு நாள் இறக்கி உள்ளே வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். பிள்ளையின் முகம் மாறியது.

"ஸாரே, இன்னைக்குப் படத்த மாத்துன்னு சொல்லுதா. நான் மாத்துனா, நாளைக்கு எம் மகள மாத்துவா. மாமன் சொல்லுக்காக மட்டும் இல்ல கேட்டியளா."

இரண்டு பக்கமும் இறுகிப்போன பிறகு நடுவிலிருந்தவர்கள் ஒரு வழி சொன்னார்கள். படத்தின் சட்டத்தில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் வந்து படிக்கட்டும். அவள் கைம்பெண் என்றால் பேச்சு முடிந்தது. இல்லையென்றால் சிவகாமி அம்மாள் மறுபேச்சு பேசமாட்டார். நிச்சயம் வெள்ளிக்கிழமை காலை. அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு, அவரே வந்து கேட்பார்.

செப்டம்பர் 5, புதன். விநாயக சதுர்த்தி. காலையில் கொழுக்கட்டை, ஏத்தம்பழம், சுக்கு போட்டுக் காய்ச்சிய வெந்நீர். படச் சட்டத்தில் அறைந்திருந்த பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் துலக்கிப் படித்தேன். தகடு பாதியில் ஒடிந்திருந்தது. மிஞ்சிய பாதியில் இருந்தது 'வாசித்தல்' என்ற ஒரு சொல்தான். எதை வாசித்தல் என்பது ஒடிந்த பாதியோடு போய்விட்டது.

பிள்ளை என் தோளுக்கு மேலே குனிந்துகொண்டிருந்தார். என்னவென்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பிரெஞ்சுக் குடும்பத்தைக் கூட்டிவைத்து நொத்தேர் வாசிக்கக்கூடிய காகிதங்கள் இரண்டு. ஒன்று கல்யாண ஒப்பந்தம். மற்றது உயில். ஓவியர்கள் இரண்டையும் விரும்பி வரைந்திருக்கிறார்கள். இரண்டிலும் இதே மேசை, இதே கண்ணாடி அணிந்த மனிதர், இதே கனத்த முகங்கள். அந்த நாட்டில் மணப்பெண் வெள்ளை உடுத்துவது உண்மை. ஆனால் மாதா கோயிலில்தான். ஒப்பந்தம் வாசிக்கிற நாளுக்கு வெள்ளைதான் என்று கட்டாயம் இல்லை. கல்யாணம் ஆகாத எந்தப் பெண்ணும் எந்த நாளும் வெள்ளை உடுத்தலாம். உடையை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கையெழுத்தைத் தேடினேன். வலது மூலையில் புகைக்கு அடியில் ஏதோ கீறல், அவ்வளவுதான்.

பிறகு இதையெல்லாம் பிள்ளையிடம் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான் வந்ததால் நிலைமை மோசமாகியிருந்தது. அதுவரை தெரியாது என்று இருந்த இடத்தில் இப்போது உயில் என்ற ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது.

செப்டம்பர் 6, வியாழன். ஒரே வழி அழுக்கை எடுத்துப் பார்ப்பது. எங்கள் ஊர்க் கன்னியர் மடத்தில் எண்ணெய் வண்ணப் படங்களைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். பஞ்சை எச்சிலில் நனைத்து, ஒரு ரூபாய் அகலத்துக்கு மெல்ல உருட்டுவார்கள். தண்ணீர் செய்யாத வேலையை எச்சில் செய்யும். காந்திமதி அம்மாளிடம் சொன்னேன். அவர் இரண்டடி பின்னால் போனார். பொட்டு வைத்து விளக்குக் காட்டுகிற படத்தில் எச்சில் படுவதா? அதுவும் வெளியாள் எச்சிலா? ரொட்டியால் தேய்த்துப் பார்க்கலாம் என்ற என் யோசனைக்கு மட்டும் சம்மதம் கிடைத்தது. பேக்கரி ரொட்டியின் நடுப்பாகத்தைப் பிசைந்து தேய்த்தேன். மேல் தூசி வந்தது. எண்ணெய் வரவில்லை.

பத்து மணிக்கு அம்மாள் கோயிலுக்குப் போனதும் பகவதி கூடத்துக்கு வந்தாள். இருபது வயது. மகளிர் கல்லூரியில் படித்தவள். கையில் பஞ்சு இருந்தது.

"மாமா, வெளியாளுக்க எச்சிதானே ஆகாது. நான் நனைச்சுத் தாறேன். எங்க வீட்டுப் படமாக்கும்."

அவள் நனைத்துக் கொடுக்க நான் உருட்டினேன். முதல் பஞ்சு கறுப்பாக வந்தது. எங்கே வண்ணமும் சேர்ந்து வந்துவிடுமோ என்று ஒவ்வொரு பஞ்சையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேசையின் மேல்பகுதியில் தொடங்கினேன். அரை மணி கழித்து அங்கே ஒரு கை தெரிந்தது. வாசிப்பவருடையது அல்ல. அவர் பக்கத்தில், அதுவரை புகையில் மறைந்து நின்ற குமாஸ்தாவின் கை. அதில் இறகுப் பேனா. பேனா வெள்ளை உடுத்தியவளை நோக்கி நீண்டிருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பதினேழு வருஷமாக அந்தக் குமாஸ்தாவின் வேலையைத்தான் நான் செய்கிறேன். உயில் வாசிக்கும்போது பேனா எங்கள் மேசையை விட்டு நகராது. கல்யாண ஒப்பந்தம் வாசித்து முடியும்போது மட்டும்தான் பேனாவைத் தோய்த்துப் பெண்ணிடம் நீட்டுவோம். பகவதியிடம் சொன்னேன். அவள் கட்டிலிருந்து இன்னொரு பஞ்சைப் பிய்த்தாள். பிறகு, "இன்னும் நேரம் இருக்கு. மேலயும் பாத்துருவோம்" என்றாள்.

பார்க்காமல் இருந்திருக்கலாம். இடது மேல்மூலையில், சுவரில் மாட்டிய ஒரு சின்ன உருவப்படம் தெரிந்தது. தாடி வைத்த மனிதர். சட்டத்தின் மேல் கறுப்பு மெல்லிய துணி சுற்றியிருந்தது. துக்க வீட்டில் அவர்கள் அப்படிச் செய்வது வழக்கம்.

"அது என்ன கறுப்பா?" என்று கேட்டாள்.

சொன்னேன். அந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது. பெரும்பாலும் பெண்ணின் தகப்பனாக இருக்கும். கையைப் பிடித்திருக்கும் கறுப்புப் பட்டு அம்மாள் பெண்ணின் தாய். அப்படியானால் கைம்பெண் அந்த அம்மாள்தான். காந்திமதி அம்மாள் வாராவாரம் பொட்டு வைக்கிற அதே நெற்றி.

பேனாவைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று நான் நினைத்ததை மறைக்க விரும்பவில்லை. எண்ணெய்த் துணியில் கொஞ்சம் விளக்குக் கரி தொட்டு மூலையை ஒரு தடவை துடைத்தால் பழையபடி மறைந்துவிடும். அந்த எண்ணம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"மறைக்காண்டாம் மாமா," என்றாள். "நாளைக்கு அவங்க ஒருநா அதப் பாத்துட்டுக் கேட்டா, நானில்லியா அவங்ககூட இருக்கணும்?"

நாலு மணிக்குச் சிவகாமி அம்மாள் தன் கணவரின் தம்பியோடு வந்தார். ஒல்லியான உருவம், வெள்ளைப் புடவை. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நான் தகட்டைப் பற்றிச் சொன்னேன், ஒடிந்த பாதியைப் பற்றியும் சொன்னேன். பேனாவைக் காட்டினேன். அவர் கிட்டே வந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"அவளுக்க நேரதான் நீளுது."

"ஆமாம். மணப்பெண் அவள்தான்."

பிள்ளை மூச்சை விட்டார். தாம்பாளத்தோடு வந்த காந்திமதி அம்மாள் அதைக் கீழே வைத்தார். இன்னொன்றும் இருக்கிறது என்றேன். பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கறுப்புத் துணியைக் காட்டினேன். கறுப்பு உடுத்தியவர் தாய், கைம்பெண் அவர் என்று சொன்னேன். காகிதத்தில் எழுதும்போது 'இருக்கலாம்', 'தெரிகிறது' என்று சேர்க்காமல் நான் எதையும் எழுதுவதில்லை. அன்று சேர்க்கவில்லை.

சிவகாமி அம்மாள் காந்திமதி அம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"இவளுக்கா இத்தன நாளும் பொட்டு வச்சிய?"

"தெரியாமப் போச்சு மதினி."

"வச்சா வச்சதுதான். அவளுக்கு அதுல என்ன கொறஞ்சுது." மறுபடி படத்தின் பக்கம் திரும்பினார். "எதுக்கு அவ கையப் பிடிச்சிட்டு இருக்கா?"

மகள் கையெழுத்துப் போடப் போகிறாள், பக்கத்தில் இருக்கிறார் என்றேன்.

"எல்லாருக்கும் முன்னாலயா?"

"எல்லாருக்கும் முன்னால்தான்."

"உள்ள போய் இருன்னு ஒருத்தரும் சொல்லலியா?"

படத்தில் அப்படிச் சொல்பவர் யாரும் தெரியவில்லை என்றேன். அவர் இன்னும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பகவதி வாசல்படியில் நின்றாள். அவளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கொழுந்தனிடம், "நாளைக்கு ஒம்பதரைக்கு வாறோம்னு சொல்லு. பத்தரைக்கு ராகுகாலம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

படத்தைப் பற்றி முடிவாக ஒரு சொல்லும் இல்லை. நிச்சயம் செய்ய வருகிறாரா, இல்லை என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வருகிறாரா? பிள்ளைக்கு இரண்டாவதுதான் என்று பட்டது. "ஸாரு பேனாவோட நிறுத்தியிருக்கலாம்" என்றார். அன்று மாலை முழுவதும் கடையில் வேலையாட்கள் மீது எரிந்து விழுந்துகொண்டிருந்தார். காந்திமதி அம்மாள் மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்குவதா வேண்டாமா என்று மூன்று முறை கேட்டார். நறுக்கினார். நான் ஊருக்குத் திரும்பப் பெட்டியைக் கட்டி வைத்தேன்.

செப்டம்பர் 7, வெள்ளி. ஒன்பது இருபதுக்குக் கார் வந்தது. பதினொரு பேர். கூடத்தில் பாய் விரித்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நாஞ்சில் நாட்டு வீடுகளிலும் எங்கள் வீடுகளிலும் இந்த இடத்தில் நடப்பது ஒன்றுதான். கணவனை இழந்த தாய் அடுக்களைக் கதவுக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொள்வார். மகனுக்கு நிச்சயம் ஆகிற சத்தம் அவர் காதில் விழும், அவ்வளவுதான்.

சிவகாமி அம்மாள் அடுக்களைப் பக்கம் போகவில்லை. பெண்கள் பாயின் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். வெற்றிலைத் தாம்பாளம் இரண்டு முழ தூரத்தில் இருந்தது. மாப்பிள்ளையின் தலை குனிந்தது. கொழுந்தன் மெல்ல வந்து குனிந்து, "மதினி, உள்ள போய் இருங்க" என்றார்.

"இங்கன காத்து வருது. நான் இருக்கேன்."

அவர் இன்னொரு தடவை ஏதோ சொல்லப் பார்த்தார். சிவகாமி அம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "நான் தாம்பாளத்தத் தொடமாட்டேன் கொழுந்தா. அதுக்கு உம் பொண்டாட்டி இருக்கா. நான் பாக்கேன்."

யாராவது எழுந்து போவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். மணி ஒன்பது முப்பத்தேழு. ஓரத்தில் இருந்த ஒரு முதியவர் தொண்டையைக் கனைத்தார். பிள்ளை அவரை முந்திக்கொண்டார். எழுந்து, தாம்பாளத்தைத் தானே எடுத்து, கொழுந்தனின் மனைவி கையில் கொடுத்தார். லக்கினப் பத்திரிகை வாசித்தார்கள். பகவதி வந்து நமஸ்காரம் செய்தபோது முதலில் செய்தது சிவகாமி அம்மாளுக்கு. பத்து மணி பத்து நிமிஷத்துக்கு எல்லாம் முடிந்தது. பாயசம் அடைப்பிரதமன். அவியலில் உப்பு கொஞ்சம் கூடுதல். யாரும் குறை சொல்லவில்லை.

கல்யாணம் தை மாதம் நடந்ததாகப் பிள்ளை எழுதினார். எனக்கு வேட்டியும் நேரியலும் அனுப்பியிருந்தார்.

ஊர் திரும்பிய பிறகு நான் படத்தைத் தேடுவதை விடவில்லை. வலது மூலைக் கையெழுத்தை இரண்டு எழுத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. பாரிஸில் பழைய அச்சுப் படங்கள் விற்கும் கடை ஒன்றுக்கு வர்ணனை எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. எங்கள் நொத்தேரின் வயதான தாயார், பிரான்சில் பிறந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு நல்ல பட்டு என்றாலே கறுப்புப் பட்டுதான், விருந்துக்கும் கோயிலுக்கும் ஒப்பந்தத்துக்கும் அதையே உடுத்துவார்கள், துக்கம் என்று ஒன்றுமில்லை என்றார். துணி சுற்றிய படத்தில் இருப்பவர் பாட்டனாராகவும் இருக்கலாம், சித்தப்பாவாகவும் இருக்கலாம் என்றார்.

இதை நான் திருவனந்தபுரத்துக்கு எழுதவில்லை. பேனாவைப் பற்றிச் சொன்னதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. கறுப்பு உடுத்திய அம்மாள் கணவனை இழந்தவர் என்று அன்று நான் சொன்னது மட்டும் இந்தத் தேதிவரை சரிபார்க்கப்படவில்லை.